தணிந்த நாடி

கடல் இரைச்சல் கேட்கும் தொலைவில் ஓர் ஆசானின் சித்த வைத்தியசாலை இருந்தது. மொத்தம் ஆறு கட்டில்கள். ஆசானுக்கு வயது நாற்பது. அவரிடம் நாடி பார்க்கக் கற்றுக்கொள்ள வந்த ஞானசிகாமணிக்கு அறுபத்திரண்டு. பள்ளிக்கூடத்தில் அறிவியல் நடத்தி ஓய்வு பெற்றவர். சீடராக இருந்தாலும் ஆசான் அவரை "வாத்தியாரே" என்றுதான் கூப்பிடுவார்.

ஞானசிகாமணி தினமும் காலையில் நோயாளிகளுக்குச் செய்தித்தாள் வாசித்துக் காட்டுவார். அந்த வாரம் முழுக்க ஒரே செய்தி. சமூக வலைதளம் மனிதரைக் கொல்கிறது. பார்க்கப் பார்க்க நாடி ஏறும், இதயம் தளரும், தனிமை கூடும், ஆயுள் குறையும். தொலைக்காட்சியிலும் நாலு பேர் உட்கார்ந்து அதையே கத்திக்கொண்டிருந்தார்கள்.

"பேப்பரு வாசிச்சா என்ன நோய் வரும்னு போட்டிருக்கா, வாத்தியாரே?" என்று கேட்டான் இடுப்பு முறிந்து கிடந்த மீனவன் மரியதாசன்.

ஞானசிகாமணி சிரிக்கவில்லை. மூன்றாவது கட்டிலைப் பார்த்தார்.

அங்கே செல்லத்தங்கம் படுத்திருந்தாள். பக்கவாதம். வலது பக்கம் முழுக்க அசைவில்லை. வாயும் கோணி, பேச்சு குழறும். இடது கைப் பெருவிரலால் நெஞ்சின்மேல் கிடந்த ஃபோனை மெல்லத் தள்ளிக்கொண்டிருந்தாள்.

ஞானசிகாமணி போய் அந்தக் கையின் மணிக்கட்டைப் பிடித்தார். ஃபோனில் ஏதோ படம் வந்தது. நாடி துள்ளியது.

அவர் வாசலுக்கு ஓடினார். ஆசான் மூலிகை பறிக்க மலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார். திரும்ப ஐந்து நாள் ஆகும்.

"ஆசானே, பேப்பர்ல போட்டது சரிதான். நாடி தவளை மாதிரித் துள்ளுது. ஃபோனை வாங்கி வைக்கட்டுமா?"

"ஏன் துள்ளிச்சுன்னு அவகிட்ட கேட்டீரா?"

"கேக்கணுமா? கைதான் சொல்லுதே."

"கேட்டுட்டுச் செய்யும்" என்று சொல்லி ஆசான் பஸ் ஏறினார்.

ஞானசிகாமணி முதலில் ஃபோனை வாங்கினார். அதற்குப் பிறகுதான் செல்லத்தங்கம் பேசினாள்.

"மகன் கப்பல்ல இருக்கான். ஆறு வருசமாப் பேச்சில்ல. படம் மட்டும் போடுவான். நான் ஒரு ஹார்ட்டு போடுவேன். அம்மா உசுரோட இருக்கான்னு அவனுக்குத் தெரியும்."

குழறலில் அவருக்குப் பாதிதான் புரிந்தது.

"இன்னைக்கு உள்ளத மட்டும் போட்டுட்டுத் தாரேன், வாத்தியாரே."

"உன் நல்லதுக்குத்தான் சொல்லுதேன் தங்கச்சி. பத்து நாள் பொறு. மனுசங்கள முகத்துக்கு முகம் பாத்துப் பேசு. தேறிருவ."

ஃபோனை அணைத்து, அலமாரியில் தைலக் குப்பிகளுக்கு நடுவே வைத்துப் பூட்டினார்.

காலையும் மாலையும் நாடி பார்த்து நோட்டில் எழுதினார். முதல் நாள்: துள்ளல் இல்லை. இரண்டாம் நாள்: சீராக இருக்கிறது. மூன்றாம் நாள்: நன்றாகத் தணிந்திருக்கிறது. அந்த வரிக்கடியில் கோடும் போட்டார்.

செல்லத்தங்கம் தலையைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டாள். கஞ்சி ஆறிக் கிடந்தது.

"முகத்துக்கு முகம் பேசச் சொன்னீரே" என்றான் மரியதாசன். "நீரு ஒருக்கா அவ பக்கத்துல உக்காந்தீரா ஓய்?"

"இத வாசிச்சு முடிச்சிட்டு வாரேன்" என்றார் ஞானசிகாமணி, செய்தித்தாளுக்குள்ளிருந்து. அன்றைக்கு அது இரண்டு பக்கக் கட்டுரை.

ஐந்தாம் நாள் காலை அவர் மணிக்கட்டைத் தொட்டபோது நாடி இல்லை. விரலை மாற்றி மாற்றி வைத்துப் பார்த்தார். கை குளிர்ந்திருந்தது.

மதியம் ஆசான் வந்தார். யாரும் சொல்லாமலே கட்டிலைப் பார்த்துத் தெரிந்துகொண்டார். மூலிகைக் கட்டைக் கீழே வைத்தார்.

"ஃபோன் எங்க?"

ஞானசிகாமணி அலமாரியைத் திறந்தார். ஆசான் ஃபோனுக்கு உயிர் கொடுத்தார். சிறிது நேரம் ஒன்றுமில்லை. பிறகு அது அதிரத் தொடங்கியது. எடுக்கப்படாத அழைப்புகள், ஒன்றன்பின் ஒன்றாக. பதினேழு. எல்லாம் ஒரே எண்.

கடைசியில் ஒரு செய்தி வந்தது. ஆசான் அதைச் சீடரிடம் நீட்டினார்.

'அம்மா, நாலு நாளா ஹார்ட்டு போடல. சொகமில்லியா? ஃபோன எடும்மா. நான் பேசுதேன்.'

ஞானசிகாமணி நோட்டை எடுத்துப் பக்கங்களைப் புரட்டினார். விரல் கோடு போட்ட வரியில் நின்றது.

"தணிஞ்சுதே, ஆசானே. நாளுக்கு நாள் தணிஞ்சுதே. நல்லதுன்னுல்லா நெனச்சேன்."

செல்லத்தங்கத்தின் இடது பெருவிரல் நீண்டபடியே இருந்தது. ஆசான் அதை மெல்ல மடக்கி வைத்தார்.

"அவ எதுல போனா, ஆசானே? ஃபோன் பாத்ததுலயா, ஃபோன் இல்லாததுலயா? இல்ல, போற நேரந்தான் வந்துட்டா? ஏதாவது ஒண்ணு சொல்லும்."

மரியதாசன் முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டான்.

ஃபோன் அடித்தது. அதே எண்.

ஆசான் ஃபோனை எடுத்துச் சீடரின் ஒரு கையில் வைத்தார். கட்டிலடியில் மடித்துக் கிடந்த செய்தித்தாளை எடுத்து மறு கையில் வைத்தார்.

"மகன் கூப்பிடுதான், வாத்தியாரே. வாசிச்சுக் காட்டும்."