மன்னர் கனவில் மணத்த வெல்லப்பாகு

முன்னொரு காலத்தில், மேகங்கள் மலையிறங்கி வந்து கூரைமேல் படுத்துக்கொள்ளும் முகில்வயல் நாட்டைக் கனவழகர் என்றொரு மன்னர் ஆண்டுவந்தார். ஆண்டார் என்பதைவிட உறங்கினார் என்றால் பொருத்தமாக இருக்கும். விடியற்காலையில் அவர் என்ன கனவு காண்கிறாரோ, அதுதான் அன்றைய அரசாணை. யானை நீந்துவதாக ஒருநாள் கனவு கண்டுவிட்டார். பாவம், பாகன்கள் பட்ட பாட்டை நான் சொல்ல மாட்டேன்.

அந்த ஆண்டு மலையில் பெரும்புயல். சாய்ந்த மரங்களை ஆறு சுமந்துவந்து நகரத்துப் படித்துறையில் தள்ளியது. விறகு விலை பாதியாகிவிட்டது. சோறு பொங்க, நெல் அவிக்க, பானை சுட, வெள்ளாவி வைக்க எல்லாவற்றுக்கும் விறகுதானே! ஊர் கொஞ்சம் மூச்சுவிட்டது.

அது பொறுக்கவில்லை சுங்கத் தலைவர் வரகுணருக்கு. அமைச்சர் அம்பலவாணர்மேல் அவருக்கு நெடுநாள் புகைச்சல் வேறு. சபையில் எழுந்தார்.

"மன்னவா! விலை குறைந்த அளவுக்கு விறகுச் சுங்கத்தை ஏற்றிவிடுவோம். ஜனங்கள் பழைய விலையையே கொடுக்கட்டும். பழகின வலிக்கு யாரும் அழமாட்டார்கள். கஜானாவும் நிரம்பும்."

"அடடா! யாருக்குமே நஷ்டமில்லையே!" என்றார் மன்னர்.

"இருக்கிறது, அரசே. விறகு மலிந்தால்..." என்று அமைச்சர் தொடங்கினார்.

மன்னர் கொட்டாவி விட்டார். "வாதம் கேட்டால் எனக்குத் தூக்கம் வருகிறது, அமைச்சரே. கனவில் காட்டும், நம்புகிறேன்."

வரகுணர் விடுவாரா? "பௌர்ணமிக்குள் காட்டாவிட்டால் அமைச்சரின் முத்திரை மோதிரம் என் விரலுக்கு வரட்டும்!"

"சரி," என்றார் அம்பலவாணர். "அதுவரை அரண்மனைக்குத் தெற்கே இருக்கும் தெருவுக்கு மட்டும் புதுச் சுங்கம் வேண்டாம்."

"ஒரு தெருதானே, பிழைத்துப் போகட்டும்!" வரகுணர் அப்போதே மோதிர விரலைத் தடவிக்கொண்டார்.

அமைச்சர் நேரே தெற்குத் தெருவில் புட்டு விற்கும் பொன்னுருவியிடம் போனார். "தாயி, விறகு மலிஞ்சுபோச்சே, என்ன செய்யப் போறே?"

"ரெண்டாவது அடுப்பையும் பத்த வைப்பேன் சாமி. வேறென்ன?"

"அதைச் செய். விடியறதுக்கு முன்னாடியே செய்."

அவ்வளவுதான் தந்திரம்.

பொன்னுருவி வெல்லப்பாகு காய்ச்சினாள். புட்டு விலையைக் குறைத்தாள். வயிறு நிறைந்த சுமைகாரர்கள் மிச்சக் காசில் பானை வாங்கினார்கள். குயவர் இன்னொரு சூளை வைத்தார். வண்ணார் தெருவெங்கும் வெள்ளாவி. பிள்ளை பெற்ற வீடுகளில் வேண்டிய மட்டும் வெந்நீர். அந்த மணத்தையெல்லாம் அள்ளிக்கொண்டு தென்றல் மன்னரின் சாளரம் வழியே உள்ளே போனது.

மன்னர் உறக்கத்தில் வெல்லப்பாகு ஆற்றின் கரையோரம் நடந்தார். வெளுத்த துணிகள் கன்னத்தை உரசிப் போயின. பிறகு அவரே கைக்குழந்தையாகிவிட்டார். யாரோ நீட்டிய கால்கள்மேல் குப்புறப் போட்டு, இளஞ்சூட்டு நீரை முதுகில் ஊற்றினார்கள். அம்மாவின் கால்கள்! பௌர்ணமியன்று காலை அவர் கண்ணீரோடு எழுந்தார்.

"அமைச்சரே, அந்த ஊர் எங்கே இருக்கிறது? என்னைக் கூட்டிப்போம்!"

"சாளரத்துக்குக் கீழேதான் இருக்கிறது, அரசே."

இறங்கிப் போய்ப் பார்த்தால், தெருவில் நிற்க இடமில்லை. "இங்கே சுங்கம் இல்லையே, கஜானா என்னாவது?" என்றார் மன்னர். சந்தை வரி வசூலிப்பவன் கும்பிட்டான். "மத்த தெருவுல கடைக்காரங்க ஈ ஓட்டுறாங்க மகராசா. இங்க துணி, பானை, பாக்குன்னு அள்ளிட்டுப் போறாங்க. சந்தை வரி வாங்கி என் கை ஓயலை."

அப்போது புட்டுக்கடை மூலையில், போர்வையால் முக்காடு போட்ட ஓர் உருவம் விக்கியது. மன்னர் போர்வையை விலக்கினார். வாய் நிறையப் புட்டோடு வரகுணர்!

"உம் வீட்டில் அடுப்பு எரியவில்லையா?"

"சுங்கம் கட்டி விறகு வாங்குவதைவிட இந்தத் தெருப் புட்டு மலிவு என்று என் மனைவி அடுப்பு மூட்டுவதில்லை, மன்னவா."

தெருவே சிரித்தது. நாடு முழுவதும் புதுச் சுங்கம் அன்றே ஒழிந்தது. "அமைச்சரே, என்ன பரிசு வேண்டும்? கேளும்!" என்றார் மன்னர்.

"மலையில் விறகுவெட்டிகள் இருக்கிறார்கள், அரசே. விலை விழுந்ததில் அவர்கள் வீட்டு அடுப்புதான் அணைந்துபோனது. புயல் சாய்த்த இடமெல்லாம் கன்று நட அவர்களுக்குக் கூலி கொடுங்கள்."

மன்னர் திகைத்தார். "இதை ஏன் கனவில் காட்டவில்லை?"

"அணைந்த அடுப்புக்கு வாசம் கிடையாதே, அரசே. நேரில் போய்த்தான் பார்க்க வேண்டும்."

மன்னர் பல்லக்குக்குக்கூடக் காத்திராமல் மலைப்பாதையில் நடந்தார். பின்னாலேயே, தலையில் கன்றுக் கூடையோடு, மூச்சு வாங்க வரகுணர் ஏறினார்.