எஃப்.சி. ஆன வண்டி

பூமலை அடிவாரத்தில் ஒரு சின்ன மடம். மடத்துக்கு ஒரு பழைய வேன். மலைமேல் இருக்கும் மேல்காட்டு நோயாளிகளை ஏற்றிக்கொண்டு கீழே ஆஸ்பத்திரிக்குப் போய்வரும் வண்டி அது ஒன்றுதான். பஸ் அந்த மலையில் ஏறாது.

வேனை ஓட்டியவர் அர்த்தநாரி. முப்பது வருஷம் பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். மனைவி இறந்தபிறகு மடத்துக்கு வந்து, மடத்தை நடத்தும் உமையாளம்மாவிடம் சீடராகச் சேர்ந்துகொண்டார். அம்மாவுக்கு அவரைவிடப் பதினைந்து வயது குறைவு. அவர் ‘அம்மா’ என்பார். அந்த அம்மா அவரை ‘அண்ணா’ என்பாள்.

அந்த வருஷம் எஃப்.சி., அதாவது வண்டி ஓடத் தகுதியானது என்ற சான்றிதழ், வாங்கவேண்டிய தேதி நெருங்கியபோது வேனில் பிரேக் சரியில்லை. பெடல் ஆழமாக இறங்கியது. இரண்டு மூன்று தடவை மிதித்தால்தான் பிடித்தது. மெக்கானிக் மாரப்பன் சக்கரத்தைக் கழற்றிப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினான்.

“ஆயில் கசியுதுங்க. சிலிண்டர் எல்லாமே மாத்தோணும். இந்த மாடலுக்குச் சாமான் வெளியூர்ல இருந்து வரோணும். ஒரு வாரம் ஆகும்.”

“நாளைக்கு எஃப்.சி. காட்டோணுமப்பா. தேதி தப்பினா வண்டியை எடுக்க முடியாது. ரத்தம் சுத்தம் பண்ணப் போறவங்க கதி என்னாவது?”

“எஃப்.சி.க்கு மட்டும்னா வழி இருக்குது. ஆயிலை ரொப்பி, காத்தை எடுத்து, பிரேக் ஷூவை இறுக்கி வெச்சர்றேன். மைதானத்துல ஒருக்கா பிடிச்சுக் காட்டினாப் போதும்.”

அர்த்தநாரி யோசித்தார். பிறகு, “சரி, இறுக்கு” என்றார்.

மறுநாள் ஆர்.டி.ஓ. மைதானத்தில் இன்ஸ்பெக்டர் கையைக் காட்டினார். அர்த்தநாரி மிதித்தார். வண்டி கோடு போட்டதுபோல நின்றது.

திரும்பி வந்ததும் அம்மா கேட்டாள். “பிரேக்கு என்னாச்சுங்கண்ணா?”

“எஃப்.சி. ஆயிருச்சுங்கம்மா.”

அம்மா அவர் முகத்தைப் பார்த்தாள். வேறு எதுவும் கேட்கவில்லை.

சாமான் வந்துவிட்டது என்று மாரப்பன் இரண்டு தடவை ஆள் அனுப்பினான். வண்டி நன்றாகத்தான் நின்றுகொண்டிருந்தது. அடுத்த வாரம் வண்டியை அவனிடம் விடலாம் என்று அர்த்தநாரி நினைத்தார். அடுத்த வாரமும் அப்படியே நினைத்தார்.

ஒரு திங்கட்கிழமை காலை. மலை இறக்கத்தில், மூன்றாவது வளைவில், பெடல் அடியோடு போனது.

மறுபடி மிதித்தார். ஒன்றும் இல்லை. கியரைக் குறைத்தார். கைப்பிரேக்கை இழுத்தார். இடதுபக்கம் பள்ளம். வலதுபக்கப் பாறையில் வண்டியை உரசவிட்டார். இரும்பு கதறிக்கொண்டு போய் வேன் ஒருவழியாக நின்றது.

உயிர்ச்சேதம் இல்லை. ஆனால் வலதுபக்க ஜன்னலோரம் அத்தாயி கையை வெளியே வைத்து உட்கார்ந்திருந்தாள். சிறுநீரகம் கெட்ட புருஷன் சடையனை வாரம் இரண்டு தடவை கூட்டிக்கொண்டு போகிறவள். மிளகு பறித்துப் பிழைப்பவள். அவளுடைய வலது கை மணிக்கட்டுக்குக் கீழே நசுங்கிப்போயிருந்தது. அந்தக் கையால் இனி எதையும் பிடிக்க முடியாது என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

போலீஸ்காரர் பேப்பரைப் புரட்டிப் பார்த்தார். “எஃப்.சி. எல்லாம் கரெக்டா இருக்குது. திடீர்னு பிரேக் போனா நீங்க என்ன பண்ணுவீங்க? வேற ஆளா இருந்தாப் பள்ளத்துல விட்டிருப்பான்.”

மேல்காட்டு ஆட்கள் இறங்கிவந்து அர்த்தநாரிக்குத் துண்டு போர்த்தினார்கள். ஒரு கிழவர் காலில் விழப் போனார். அர்த்தநாரி பின்னால் நகர்ந்துகொண்டார்.

அன்றிலிருந்து அவருக்குச் சோறு இறங்கவில்லை. வண்டியை மாரப்பனிடம் விட்டு எல்லாவற்றையும் மாற்றினார். மாரப்பனும் அவர் முகத்தைப் பார்க்காமலே வேலை செய்தான். வண்டி தயாரானதும் அம்மாவிடம் போனார். அம்மா கிணற்றடியில் துணி அலசிக்கொண்டிருந்தாள்.

“யாருமே என்னை ஒரு வார்த்தை கேக்கலைங்கம்மா. அதுதான் தாங்கலை. நான் என்ன பண்ணட்டும்?”

“அத்தாயிகிட்டச் சொல்லுங்க.”

“என்னன்னு?”

“நடந்ததை.”

அவர் வண்டிச் சாவியை எடுக்கப் போனார்.

“வண்டி வேண்டாங்கண்ணா. நடந்து போங்க.”

விடிந்ததும் கிளம்பினார். பாதி மலையில் முட்டி விட்டுப்போனது. பாறையில் உட்கார்ந்து உட்கார்ந்து ஏறினார். மேல்காட்டுக்குப் போய்ச் சேர்ந்தபோது வெயில் உச்சிக்கு வந்திருந்தது.

அத்தாயி வாசலில் விறகுச் சுள்ளியைக் கட்டிக்கொண்டிருந்தாள். கயிற்றின் ஒரு முனை இடது கையில், மறுமுனை பல்லில். கட்டிலில் சடையன் வீங்கிய கால்களோடு படுத்திருந்தான்.

அர்த்தநாரி நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னார். பிரேக் கெட்டிருந்தது, எஃப்.சி.க்காக இறுக்கி வைத்தது, சாமான் வந்தும் வண்டியை வேலைக்கு விடாமல் இருந்தது.

அத்தாயி கயிற்றைக் கீழே போட்டாள். சடையன் அவளைப் பார்த்தான். அவள் அவனுடைய கால்களைப் பார்த்தாள்.

“வியாழக்கிழமை வண்டி வருமுங்களா சாமி?” என்று கேட்டாள்.

“வரும் தாயி. எல்லாம் புதுசாப் போட்டாச்சு.”

அவள் மூச்சு விட்டாள். “அப்பச் சரி. விடுங்க சாமி. நீங்க தெரிஞ்சா பண்ணியிருப்பீங்க?”

“தெரிஞ்சுதான் பண்ணினேன்.”

“விடுங்கங்கறனில்ல. நான் மனசுல ஒண்ணும் வெச்சுக்கலை.” குரலைத் தாழ்த்திக்கொண்டாள். “வேற யாருகிட்டயும் சொல்லிப்போடாதீங்க. வண்டியை நிறுத்திப்போடுவாங்க.”

உள்ளே போய் இடது கையில் காப்பி கொண்டுவந்தாள். டம்ளர் ஆடிப் பாதி சிந்தியது. அவர் வாங்கிக் குடித்தார்.

இறங்கும்போது முட்டி வலி தெரியவில்லை. மடத்துக்கு வந்ததும் நேராக அம்மாவிடம் போனார்.

“மன்னிச்சுட்டாங்கம்மா. ஒரு கடுஞ்சொல் இல்லை. காப்பி கொடுத்து அனுப்பினா. என்ன மனசு! இன்னிக்குத்தான் எனக்கு மூச்சே வருது.”

“வேற என்ன சொன்னா?”

“வெளிய சொல்லிப்போடாதீங்கன்னா.”

“வேற?”

“வியாழக்கிழமை வண்டி வருமான்னு கேட்டா.”

அம்மா அவர் பக்கம் திரும்பினாள்.

“அதை எப்பக் கேட்டா? மன்னிக்கறதுக்கு முந்தியா, பொறகா?”

அர்த்தநாரி நினைத்துப் பார்த்தார்.

“முந்தி.”

“மன்னிக்க மாட்டேன்னு சொல்லோணும்னா, அவளுக்கு இன்னொரு வண்டி இருக்கோணுமில்லீங்களாண்ணா.”