முள் சொன்ன வயசு

ஓட்டைக்கலயனூரில் யாருக்கும் நோய் வந்ததே கிடையாது. வந்திருக்கலாம். ஆனால் அதை நோய் என்று அடையாளம் சொல்ல ஊரில் ஓர் ஆள் இல்லாததால், கேட்பாரின்றி வெறுத்துப்போய் அதுவே திரும்பிப் போயிருக்கும்.

அந்த ஊருக்கு ஒருநாள் ஆஸ்பத்திரியிலிருந்து எஸ்தர் சிஸ்டர் எடை மிஷினும் கையுமாக வந்தார். பச்சைக் குழந்தை முதல் பல் போன கிழவர் வரை, வயசு வாரியாக எல்லார் உடம்பையும் சோதித்துப் பார்க்கச் சொல்லி மேலிடத்து உத்தரவு. மிஷினை இறக்கிவைத்து மூச்சு வாங்குவதற்குள், பக்கத்து ஊரில் ஒருத்திக்குப் பிரசவ வலி என்று ஆள் வந்துவிட்டது. சிஸ்டர் ஸ்கூட்டரை உதைத்துக்கொண்டே, பஸ் கண்டக்டர் ஸ்டாப் பெயர் சொல்கிற வேகத்தில் பொரிந்து தள்ளினார்.

"பிள்ளைகளை நாக்கை நீட்டச் சொல்லிப் பாருங்க, வயசாளிகளுக்கு நாடி பிடிச்சுப் பாருங்க, எல்லாரையும் நிறுத்துப் பாருங்க, வயசுக்கேத்த எடை இருக்கணும், அவ்வளவுதான், வந்திடுறேன்."

யாரிடம் சொல்கிறோம் என்று பார்க்க அவருக்கு நேரமில்லை.

பஞ்சாயத்துத் தலைவர் கொம்பையா பொறுப்பை ஏற்றுக்கொண்டார். மைக் இல்லாவிட்டாலும் மைக் முன்னால் நிற்பதுபோலத்தான் பேசுவார். "ஆகவே" என்று ஆரம்பித்து "ஆகவே" என்று முடித்தார். நடுவில் ஒன்றும் இல்லை. எல்லாரும் கைதட்டினார்கள்.

வரிசையில் முதல் ஆளாகத் துண்டு போட்டு இடம் பிடித்திருந்தவன் சொரிமுத்து. இருபத்து நாலு வயசு, நெல் கொட்டும் பத்தாயம் மாதிரி உடம்பு. வெள்ளிக்கிழமை அவனுக்கும் உலகம்மாளுக்கும் கல்யாணம். ஆனால் மாமனார் ஆவுடையப்பன் ஒரே பேச்சாகச் சொல்லியிருந்தார், உடம்பு சரியாக இருக்கிறவனுக்குத்தான் பெண் என்று. இன்றைக்கு மிஷின் நல்ல வார்த்தை சொன்னால்தான் அவனுக்குத் தாலி கட்டும் பாக்கியம்.

முதலில் பிள்ளைகள். ஒவ்வொன்றாக வந்து தலைவரைப் பார்த்து நாக்கை நீட்டின. நாலைந்து பிள்ளைகள் வரை பொறுத்துப் பார்த்தார் கொம்பையா. அப்புறம் தன்மானம் கேட்கவில்லை. அவரும் பதிலுக்கு நீட்டினார். கடைசிவரை நீட்டி யாருடைய நாக்கு நீளம் என்று தீர்மானித்த பிறகே பிள்ளைகளை விட்டார். தலைவர் ஆரோக்கியமாக இருப்பதாக முடிவாயிற்று.

அடுத்து வயசாளிகள். நாடி என்றால் ஓட்டைக்கலயனூரில் மோவாய்தான். மோவாயைப் பிடித்தால் கெஞ்சுவதுதான் முறை. எனவே ஆளுக்கொரு கிழவரின் மோவாயைப் பிடித்துக்கொண்டு, "தாத்தா, கோவிச்சுக்காம நல்லா இருங்க தாத்தா" என்று கண்ணீர் விட்டார்கள். கிழவர்கள் முதலில் பிகு செய்தார்கள். அப்புறம், போனால் போகிறது என்று சம்மதித்தார்கள்.

கடைசியில் எடை.

"வயசுக்கேத்த எடைன்னா என்ன அண்ணாச்சி?" என்று கேட்டான் புலமாடன். முங்குநீச்சலில் ஊரிலேயே கெட்டிக்காரன். அறிவும் அப்படித்தான், வெளியே தலைகாட்டுவதில்லை.

"பத்து வயசுக்குப் பத்து கிலோ. அறுபது வயசுக்கு அறுபது கிலோ. ஆகவே, நேர் கணக்கு" என்றார் கொம்பையா.

"ரெண்டும் ஒத்துப் போகலேன்னா?"

"வயசு நாம வாயால சொல்லுறது. எடை மிஷின் சொல்லுறது. மிஷினுக்கு வாய் இருக்கா வே?"

குனிந்து சுற்றிப் பார்த்தார்கள். இல்லை. வாயே இல்லாதது எப்படிப் பொய் சொல்லும்? எனவே முள் காட்டுவதுதான் வயசு என்று தீர்ந்துபோயிற்று.

உலகம்மாள் ஏறினாள். நாற்பத்து நாலு. நேற்றுவரை இருபத்திரண்டு என்று சொல்லி ஏமாற்றி வந்திருக்கிறாள் என்று ஊர் முணுமுணுத்தது. அவள் அப்பா ஆவுடையப்பன் ஏறினார். வற்றல் உடம்பு, முப்பத்தெட்டில் நின்றது முள். அவர் இறங்கி, தோள்துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டு, மகள் முன்னால் கைகட்டி நின்றார்.

"அக்கா" என்றார்.

"என்னப்பா?"

"அப்படிச் சொல்லப்படாதுக்கா. நான் சின்னவன்."

அப்புறம் சொரிமுத்து ஏறினான். முள் ஓடியது, ஓடியது, தொண்ணூற்றிரண்டில் போய் நின்றது.

அவனுக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஆனால் நினைத்துப் பார்த்தால், காலையில் முழங்கால் கொஞ்சம் வலிக்கத்தான் செய்தது. மிஷினை விட்டு இறங்கும்போதே முதுகு வளைந்துவிட்டது. ஊன்றிக்கொள்ளக் கம்பு கேட்டான். ஊரே ஓடிவந்து அவன் மோவாயைப் பிடித்து, வெள்ளிக்கிழமை வரைக்குமாவது இருக்கும்படி கெஞ்சியது.

ஆவுடையப்பன் மட்டும் அசையவில்லை. "தொண்ணூத்திரண்டு வயசுக் கிழவனுக்கு எங்க அக்காவைக் கொடுக்கமாட்டேன். கல்யாணத்தை நிறுத்துங்க."

சொரிமுத்து கம்போடு அப்படியே உட்கார்ந்துவிட்டான். கொம்பையா கலங்கவில்லை. "நிறுத்திட்டாப் போச்சு" என்றார். "மிஷினை இப்படித் தள்ளுங்க வே."

கல்யாணத்தில் எதை நிறுப்பது என்று வாதம் எழுந்தது. பந்தல் என்றார் ஒருவர். மிஷினில் அதன் ஒரு கால் மட்டும்தான் நிற்கும். பந்தி என்றார் இன்னொருவர். அதை இன்னும் சமைக்கவில்லை. கடைசியில் தாலியைக் கொண்டுவந்து வைத்தார்கள். முள் அசையவே இல்லை.

"கல்யாணம் இன்னும் பிறக்கவே இல்லை" என்றார் கொம்பையா.

"நிறுத்தியாச்சுல்லா?" என்று கேட்டார் ஆவுடையப்பன்.

"நிறுத்தியாச்சு."

"அப்பச் சரி. என் பேச்சுக்கு மரியாதை கொடுத்தீங்க. ஆனா மாப்பிள்ளை கிழவன்தானே?"

சொரிமுத்து கம்பை ஊன்றிக்கொண்டு, கடைசியாக ஒரு முழுக்குப் போட்டுவிட்டுச் செத்துப்போகலாம் என்று குளத்துக்குப் போனான். இடுப்பளவு இறங்கியதும் உடம்பு இலேசாயிற்று. மார்பளவில் இன்னும் இலேசு. அவனுக்குச் சட்டென்று புரிந்துவிட்டது. இது வயசைக் குறைக்கிற குளம்.

மிஷின் குளத்துக்குள் இறங்கியது. அவன் அதன்மேல் நின்றான். புலமாடன் முங்கி முள்ளைப் பார்த்து, எழுந்து, எண்ணைச் சொல்லி, மறுபடி முங்கினான். தோளளவில் சரியாக இருபத்து நாலு. உலகம்மாளை இடுப்பளவில் நிறுத்தினார்கள். இருபத்திரண்டு. கரையில் நின்ற ஆவுடையப்பன் முப்பத்தெட்டு. மகள் மறுபடியும் தன்னைவிடச் சின்னவளாகிவிட்ட சந்தோஷத்தில் அவர் அழுதுவிட்டார்.

வெள்ளிக்கிழமை குளத்துக்குள்ளேயே தாலி கட்டினான் சொரிமுத்து. போட்ட அட்சதையை மீன்கள் தின்றன. கரையேறியதும் இருவரும் பழையபடி தொண்ணூற்றிரண்டும் நாற்பத்து நாலும் ஆனார்கள். கல்யாணம் ஆனதும் வயசாகிவிடுவது எல்லா வீட்டிலும் நடப்பதுதானே என்று யாரும் பெரிதுபடுத்தவில்லை.

மிஷினை எடுக்க வந்த சிஸ்டர், எல்லாருக்கும் வயசுக்கேத்த எடை இருக்கிறதா என்று கேட்டார். "ஒரு ஆளுக்குக்கூட ஒரு கிலோ வித்தியாசம் இல்லை" என்றார் கொம்பையா. சிஸ்டர் அதை அப்படியே மேலே சொல்ல, மேலிடம் கேள்வியே கேட்காமல், ஜில்லாவிலேயே ஆரோக்கியமான ஊர் என்று பாராட்டி, மிஷினை ஊருக்கே கொடுத்து, ஒரு கேடயமும் அனுப்பிவைத்தது. கேடயத்தையும் நிறுத்துப் பார்த்தார்கள். ரெண்டு வயசு.

மறு வருஷம் உலகம்மாளுக்குக் குழந்தை பிறந்தது. சிஸ்டர்தான் பிரசவம் பார்த்தார். "பெண் குழந்தை. மூணு கிலோ. நல்ல ஆரோக்கியம்" என்று வாசலில் சொல்லிவிட்டுக் கை கழுவப் போனார்.



"பிள்ளைக்கு மூணு வயசு. கல்யாணத்துக்கு ஒரு வயசு" என்றார் ஆவுடையப்பன், மெதுவாக. ஊர் சொரிமுத்துவைப் பார்த்தது. சொரிமுத்து மிஷினைப் பார்த்தான். வேறு யாரை நம்புவது?

உலகம்மாளைக் கைத்தாங்கலாகக் கூட்டிவந்து ஏற்றினார்கள். நாற்பத்தெட்டு.

கொம்பையா விரல்விட்டு எண்ணினார். "கல்யாணத்தப்போ கரையில நாப்பத்து நாலு. இப்போ நாப்பத்தெட்டு. ஆகவே, கல்யாணம் ஆகி நாலு வருஷம் ஓடிப்போச்சு. பிள்ளைக்கு மூணு வயசு. சரியாத்தானே இருக்கு?"

ஊருக்கு மூச்சு வந்தது. ஆவுடையப்பன் மாப்பிள்ளையைக் கட்டிப்பிடித்துக்கொண்டார். நாலு வருஷம் போனதே தெரியவில்லையே என்று பெண்கள் பெருமூச்சு விட்டார்கள். அந்தச் சந்தோஷத்தில் சொரிமுத்துவும் ஒரு தடவை ஏறினான். பொண்டாட்டியின் பிரசவத்தை நினைத்து ராத்தூக்கம் இல்லாமல் கிடந்த உடம்பு. எண்பத்தொன்பது.

கொம்பையா மறுபடி எண்ணினார். முகம் மாறியது.

"கல்யாணத்தப்போ இவனுக்குத் தொண்ணூத்திரண்டு. இப்போ எண்பத்தொன்பதுதான் நடக்கு. ஆகவே, பொண்ணுக்குக் கல்யாணம் ஆயிடுச்சு. மாப்பிள்ளைக்கு இன்னும் ஆகலை. மூணு வருஷம் கிடக்கு."

கல்யாணமாகாத வாலிபனுக்கு, கைப்பிள்ளைக்காரி வீட்டில் என்ன வேலை? ஆவுடையப்பன் அவன் துணிமணியை வெளியே எடுத்து வைத்தார். சொரிமுத்துவுக்கும் வெட்கமாகத்தான் இருந்தது. உலகம்மாளை நிமிர்ந்து பார்க்காமல் தலையைக் குனிந்துகொண்டு அம்மா வீட்டுக்குப் போனான்.

போனதிலிருந்து பந்தி விரித்தால் முதல் ஆளாக உட்கார்ந்து கடைசி ஆளாக எழுந்திருக்கிறான். கேட்டால், முகூர்த்த நாளைச் சீக்கிரம் கொண்டுவரப் பார்க்கிறானாம்.