குறிமணிக்கு ஒரு தகட்டுக் குடை

ஒரு மலைச்சரிவில், வாய் வழியாக வெடிமருந்து இடித்துச் சுடும் பழைய துப்பாக்கி ஒன்று இருந்தது. அதன் குழல் நுனியில் அரிசி அளவு ஒரு பித்தளை மணி. சுடுகிறவன் கண்ணையும் காட்டுப்பன்றியையும் ஒரே கோட்டில் நிறுத்துவது அதன் வேலை. குறிமணி என்று பெயர். பெயருக்கேற்ற மிடுக்கும் உண்டு.

ஒரே ஒரு சங்கடம். சாயங்கால வெயில் பக்கவாட்டில் விழுந்தால் மணியின் ஒரு பாதி மட்டும் பளபளக்கும். சுடுகிறவன் அந்தப் பளபளப்பையே முழு மணி என்று நினைத்துக் குறி பார்ப்பான். குண்டு ஒரு முழம் தள்ளிப் போகும். மூன்று சாயங்காலம் இப்படியே போனது. பன்றிகள் மரவள்ளித் தோட்டத்தைக் கிளறிவிட்டுச் சாவகாசமாகத் திரும்பின.

துப்பாக்கிக்காரன் இஞ்ஞாசிக்கு ரோஷம் வந்துவிட்டது. மணிக்கு மேல் ஒரு நிழல் வைத்தால் சரியாகிவிடும் என்று யாரோ சொன்னார்கள். நேரே அடுக்களைக்குப் போனான். மனைவி செசிலி கடுகு வைத்திருந்த பிஸ்கட் டின்னைக் கவிழ்த்துவிட்டு வெட்ட ஆரம்பித்தான். கேட்டுவிட்டு எடுக்கிற வழக்கம் அந்த வீட்டில் இல்லை.

"ஏங்க, கடுகெல்லாம் தரையில கிடக்கு," என்றாள் செசிலி.

"கடுகுதானே."

"கடுகுதான். கூட்டி அள்றது யாரு?"

அது அவன் காதில் விழவில்லை.

வெட்டுப்பட்ட தகட்டுத் துண்டு இரண்டு விரல் அகலம் இருந்தது. அப்போதே அதற்கு நடுக்கம் பிடித்துவிட்டது. குறடு அதை வளைத்தது. விளக்குப் புகை அதைக் கரியாக்கியது. கடைசியில் குழல் நுனியைக் கவ்விக்கொள்ளும்படி மணிக்கு மேல் வைத்து அமுக்கினான். தகடு குனிந்து பார்த்தால், காலடியில் கறுப்பாக ஒரு வாய் திறந்து கிடந்தது. கந்தக நாற்றம் வேறு.

"எட்டிப் பார்க்காதே," என்றது குழல். "நான் எப்ப இருமுவேன்னு எனக்கே தெரியாது."

தகடு ஒடுங்கிக்கொண்டது. "நான் இங்க என்ன செய்யணும்?"

"எனக்குக் குடை பிடிக்கணும்," என்றது குறிமணி. "பக்கத்து வெளிச்சம் என்மேல படக் கூடாது."

"அப்ப உங்களுக்குப் பக்கத்துல என்ன இருக்குன்னு தெரியாதே?"

"தெரிஞ்சு நான் என்ன பண்ணப் போறேன்? நேரா இருக்கிறது தெரிஞ்சா போதும். பக்கத்தையெல்லாம் பார்த்துக்கிட்டு இருந்ததாலதான் மூணு நாளா மானம் போச்சு."

"பிடி நழுவிட்டா?"

இதற்குக் குழல்தான் பதில் சொன்னது. "போன வருஷம் என்னைக் கட்டையோட சேர்த்துப் பிடிக்க ஒரு ஆணி வந்துச்சு. ஒரே வெடிக்கு நழுவுச்சு. இப்ப குப்பைக்குழியில துருப்பிடிச்சுக் கிடக்கு."

தகடு பல்லைக் கடித்துக்கொண்டு இறுக்கிப் பிடித்தது.

மறுநாள் மதியம் இஞ்ஞாசி வாசற்படியில் நின்று, "நாலு மணிக்கு மேல தோட்டத்துப் பக்கம் யாரும் வரக் கூடாது," என்று அறிவித்தான். செசிலி அப்போது கொல்லையில் துணி துவைத்துக்கொண்டிருந்தாள். வாசற்படிக்குச் சொன்னதை வீட்டுக்கே சொன்னதாக எண்ணிக்கொண்டு அவன் துப்பாக்கியோடு கிளம்பினான்.

தோட்டத்து மேல்வரப்பில் ஒரு பாறை. அதில் உட்கார்ந்து மருந்தைக் கொட்டி, குண்டைப் போட்டு, கம்பியால் இடித்தான். ஒவ்வொரு இடிக்கும் தகட்டுக்கு உடம்பு தூக்கிப் போட்டது. வலப்பக்கம் வெயில் தாழ்ந்தது. பனி இறங்கத் தொடங்கியது. வெகுநேரம் எதுவும் அசையவில்லை.

பிறகு மரவள்ளி இலைகள் அசைந்தன.

"வந்துட்டான்," என்றது குறிமணி. "கறுப்பா இருக்கான். குனிஞ்சு கிளறுறான்."

துப்பாக்கி தோளுக்கு ஏறியது. பின்னால் துப்பாக்கிச் சுத்தி இழுபட்டு நிற்கும் சத்தம் கேட்டது.

தகட்டுக்குப் பக்கமும் தெரியும். குடை பிடிக்கிறவனுக்குத்தானே மழை எந்தப் பக்கம் என்று தெரியும். கறுப்பு முதுகுக்குப் பக்கத்தில் ஒரு மஞ்சள் பிளாஸ்டிக் கூடை இருந்தது. கூடையில் மண்ணோடு இரண்டு கிழங்கு. மூன்றாவது கிழங்கை ஒரு கை உள்ளே வைத்தது. தினம் காலையில் டின்னுக்குள் நுழைந்து கடுகு அள்ளிய கை.

தகடு பதறியது. "பன்றி இல்ல. செசிலி. கறுப்புக் கம்பளியைப் போர்த்திக்கிட்டுக் குனிஞ்சிருக்கா."

"எனக்குக் கறுப்புதான் தெரியுது."

"பக்கத்துல கூடை இருக்கு, பாருங்க."

"எப்படிப் பார்க்கிறது? நீதானே மறைச்சுக்கிட்டு நிக்கிற."

"குழல் ஐயா, நீங்களாவது சொல்லுங்களேன்."

"நான் வெறும் வாய். பார்க்கிறது என் வேலை இல்ல."

"அவரோட கண்ணு? அதுக்குத் தெரியாதா?"

"அது என் வழியாத்தானே பார்க்குது," என்றது குறிமணி, பெருமையாக.

விரல் விசையில் விழுந்தது.

தகடு கீழே பார்த்தது. அந்த வாய். நெருப்பு வரப்போகிற வாய். அதற்கப்புறம் குப்பைக்குழி. இதுவரை பயத்தில்தான் இறுக்கிப் பிடித்திருந்தது. இப்போது அதைவிடப் பெரிய பயம் ஒன்று வந்து விரல்களைப் பிரித்தது. தகடு இடப்பக்கமாகச் சரிந்தது.

வெயில் மணியின் வலப்பாதியில் பாய்ந்தது. "கூசுது, கூசுது," என்று மணி கத்தியது. இஞ்ஞாசியின் கண் பளபளப்பின் பின்னால் போனது. குழல் ஒரு நெல் அகலம் இடப்பக்கம் திரும்பியது. வெடித்தது.

குண்டு ஒரு முழம் தள்ளி, பலாமரத்தில் ஏறியது. தகடு ஓரம் கருகிப் புல்லில் விழுந்தது.

புகை விலகியபோது கம்பளி நிமிர்ந்து நின்றது. செசிலியின் காலடியில் கூடை கவிழ்ந்து கிடந்தது. இஞ்ஞாசி ஓடிவந்தான். பாதி வழியில் மண்ணிலேயே உட்கார்ந்துவிட்டான்.

"இங்க என்னடி பண்ற?"

"மாதா கோயில்ல இருந்து உபதேசியார் வந்திருக்கார். அவிச்சுக் கொடுக்கலாம்னு கிழங்கு பிடுங்க வந்தேன்."

"வராதேன்னு சொன்னேன்ல?"

"யாருகிட்ட?"

பலாமரத்துத் துளையில் பால் வடிந்தது. அவள் அதையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு சிதறிய கிழங்கைப் பொறுக்கினாள். உபதேசியார் பசியோடு காத்திருந்தாரே.

கிழங்கு அவிந்து, சட்னியும் வந்தபோது இஞ்ஞாசிக்குக் குரல் திரும்பிவிட்டது.

"எல்லாம் அந்தத் தகடு பண்ணின வேலை, உபதேசியாரே. நேரம் பார்த்து நழுவிடுச்சு. அது மட்டும் ஒழுங்கா நின்னிருந்தா எனக்கு எல்லாம் தெளிவாத் தெரிஞ்சிருக்கும்."

உபதேசியார் வாயில் கிழங்கோடு தலையாட்டினார். செசிலி அவனை ஒருமுறை பார்த்துவிட்டு அடுக்களைக்குள் போனாள்.

மறுநாள் காலை அவன் இன்னொரு டின்னை வெட்டினான். இது கனமான தகடு. இந்தத் தடவை கவ்விக்கொள்ளட்டும் என்று விடவில்லை. ஈயம் வைத்துக் குழலோடு பற்றவைத்தான்.