இடப்பக்கக் கண்ணாடி

இந்தக் கதையில் தாடி சீடனுக்குத்தான். குருவுக்கு முப்பதைத் தாண்டிக் கொஞ்சம் இருக்கும். சீடன் ஐம்பதை நெருங்கியவன், பேரன் எடுத்தவன். ஆனாலும் கதை வழக்கப்படி குருவை அவர் என்றும் சீடனை அவன் என்றுமே சொல்லிவிடுகிறேன். சீடன் ஒச்சப்பன் கோபித்துக்கொள்ள மாட்டான். கோபப்படக்கூட அப்போது அவனுக்கு நேரமில்லை, அவ்வளவு பயத்தில் இருந்தான்.

தேனிப் பக்கம் மலையடிவாரத்து ஊர்களுக்கு மினி பஸ் ஓட்டுகிறவன் அவன். கிளீனராக ஏறி, டிரைவருக்குப் பின்னால் நின்று பார்த்துப் பார்த்துக் கற்றுக்கொண்டு, ஒருநாள் டிரைவர் காய்ச்சலில் படுத்தபோது ஸ்டியரிங்கைப் பிடித்தவன். அவன் படித்த படிப்பு அதுதான். அவனோடு ஓட்டுகிற எல்லோருடைய படிப்பும் அதுதான்.

மினி பஸ் முதலாளிகள் சங்கம் அதையெல்லாம் மூட்டை கட்டிவிட்டது. இனிமேல் பாடம் போனில் வரும். வீட்டில் உட்கார்ந்து வீடியோ பார்த்து, கேள்விக்குப் பதில் அமுக்க வேண்டும். அதில் தேறியவர்கள் ரோட்டில் ஓட்டிக் காட்ட வேண்டும். வெளியூரிலிருந்து மதிப்பீட்டாளர் ஒருவர் வந்து, மடியில் டேப்லெட்டை வைத்துக்கொண்டு பின்னால் உட்காருவார். டிரைவர் முகத்துக்கு நேரே சின்னதாக ஒரு கேமரா வேறு. பழைய ஆள், புது ஆள் என்ற பேச்சே கிடையாது.

போன் பாடத்தில் ஒச்சப்பன் நூற்றுக்கு நூறு. முதல் தடவை எத்தனையாவது பதில் சரி என்று வரிசையை மட்டும் மனப்பாடம் செய்துகொண்டு உட்கார்ந்தான். போன் பதில்களை இடம் மாற்றிப் போட்டுக் கவிழ்த்துவிட்டது. பிறகு மனைவி பேச்சியம்மா வாசிக்க வாசிக்க, ஒழுங்காகவே படித்துத் தேறினான்.

சறுக்கியது ரோட்டில்தான். விசில் கேட்டதும் வண்டியை எடுத்துவிட்டார், இடப்பக்கக் கண்ணாடியைப் பார்க்கவில்லை என்று மதிப்பீட்டாளர் எழுதிவிட்டார்.

மினி பஸ்ஸில் வலப்பக்கம் டிரைவர் பாடு, இடப்பக்கம் கண்டக்டர் பாடு. படிக்கட்டில் ஏறுகிறவர், இறங்குகிறவர் எல்லாம் கண்டக்டர் பொறுப்பு. அவர் விசில் கொடுத்தால் போகவேண்டியதுதான். சந்துகளில் இடிக்கும் என்று பாதி வண்டிகளில் அந்தக் கண்ணாடியை மடக்கியே வைத்திருப்பார்கள். ஒச்சப்பனின் கால் விசிலுக்குப் பழகிய கால். காதில் விழுந்ததும் அது தன்னால் நகரும்.

இன்னொரு தடவை தவறினால் ஸ்டியரிங்கைத் தொட முடியாது, ஷெட்டில் வண்டி கழுவப் போகவேண்டும். தன் வண்டியை இன்னொருவன் ஓட்டிக்கொண்டு வந்து நிறுத்த, தான் வாளியோடு ஓடி வரவேண்டும். அந்தக் காட்சி அவனைச் சாப்பிட விடவில்லை.

டிரைவர்களுக்குப் பழக்கிக் கொடுக்கச் சங்கம் அமர்த்தியிருந்தவர் ஜுலைகா டீச்சர். பெரிய வண்டி லைசென்ஸ் வைத்திருப்பவர், வார்த்தையை அளந்து விடுகிறவர். அவரிடம் போய் நின்றான் ஒச்சப்பன்.

"விசில நம்பாம வேற யார நம்புறது டீச்சர்? கண்டக்டர் என்ன கண்ண மூடிக்கிட்டா ஊதுறாரு?"

ஜுலைகா குனிந்து டயரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அன்னைக்கு யாருக்காச்சும் அடிபட்டுச்சா? ஒரு கோழிக்குக்கூட ஒண்ணும் ஆகல. பெறகு எதுக்கு பெயில் போட்டாரு?"

"தெரியலண்ணே."

"டீச்சர் நீங்களே தெரியலங்கிறீங்களே?"

"நான் அன்னைக்கு வண்டில இல்லையே."

"சரி, கண்ணாடிய எப்படிப் பாத்தா பாஸ் போடுவாங்க? அதயாச்சும் சொல்லுங்க."

"நாளைக்கு வாங்க. ஓட்டிப் பாக்கலாம்."

இதற்கா இவ்வளவு தூரம் வந்தோம் என்றிருந்தது ஒச்சப்பனுக்கு. கேட்டால் சொல்லித்தர வேண்டாமா ஒரு டீச்சர்? புலம்பிக்கொண்டே வெளியே வந்தவனை, தேர்வில் முதல் தடவையே தேறிவிட்ட சன்னாசி பிடித்துக்கொண்டான். அவன் சொல்லித்தரக் காத்திருந்தான்.

"நீ கண்ண மட்டும் உருட்டுனா கேமராவுக்கு எப்படிய்யா தெரியும்? கழுத்தத் திருப்பணும். தாடை தோள்ல முட்டணும். இந்தப் பக்கம் ஒண்ணு, அந்தப் பக்கம் ஒண்ணு. நானெல்லாம் அப்படித்தான் பாஸ் ஆனேன்."

ஒச்சப்பனுக்கு உயிர் வந்தது. வீட்டுக்குப் போனதும் நாற்காலியை நடுவில் போட்டு உட்கார்ந்தான். வாயாலேயே விசில் கொடுத்துக்கொண்டு, தாடை தோளில் முட்ட முட்டக் கழுத்தைத் திருப்பினான். பேச்சியம்மா கொஞ்ச நேரம் வாசலில் நின்று பார்த்தாள்.

"என்னாச்சு ஒங்களுக்கு? பேய் புடிச்சிருச்சா? கோடாங்கியக் கூப்பிடவா?"

"சும்மா இரு. படிச்சுக்கிட்டு இருக்கேன்."

"இதா படிப்பு?"

ராத்திரி கழுத்து பிடித்துக்கொண்டது. திட்டிக்கொண்டே தைலம் தேய்த்துவிட்டாள்.

மறுநாள் ஷெட்டில் வண்டி தயாராக நின்றது. பயிற்சிக்கு வந்த மற்ற டிரைவர்கள் பயணிகளாக ஏறிக்கொண்டார்கள். கண்டக்டர் வேலைக்குச் சன்னாசியே விசிலை வாயில் வைத்துக்கொண்டான். ஜுலைகா ஒச்சப்பனை ஆயிலும் தண்ணீரும் பார்க்கச் சொன்னார். பார்த்துவிட்டு, சாமி படத்தைத் தொட்டுக் கும்பிட்டு ஏறி உட்கார்ந்தான்.

முதல் ஸ்டாப். விசில். தாடையைத் தோளில் முட்டினான், இடது. முட்டினான், வலது. எடுத்தான். அடுத்த ஸ்டாப்பிலும் அப்படியே. கழுத்து வலியில் கண் கலங்கியது, ஆனால் ஒரு இடத்திலும் விடவில்லை. பின்னால் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். தன் கழுத்தைப் பார்த்துத்தான் சிரிக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டு, இன்னும் அழுத்தமாகத் திருப்பினான். சிரிப்பு கூடியது. சிரிக்கட்டும், பாஸ் ஆனால் போதும்.

சுற்றி வந்து ஷெட்டில் நிறுத்தினான்.

"எப்படி டீச்சர்?"

"இடது கண்ணாடியப் பாத்தீங்களாண்ணே?"

"எல்லா ஸ்டாப்புலயும். ஒண்ணு விடல. வேணும்னா இவங்களக் கேளுங்க."

"இப்ப ஒருக்கா பாருங்க."

பார்த்தான். கண்ணாடி இல்லை. கண்ணாடி இருக்கவேண்டிய இடத்தில் ஒரு மஞ்சள் பை, அடியில் சணலால் இறுக்கிக் கட்டியிருந்தது. ஏதோ ஜவுளிக்கடைப் பை.

ஒச்சப்பன் முகத்தில் ஈயாடவில்லை. பின்னால் இருந்தவர்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள், சன்னாசி விசிலையே விழுங்கப் பார்த்தான். ஜுலைகா மட்டும் சிரிக்கவில்லை.

"எப்பக் கட்டுனீங்க டீச்சர்?"

"நீங்க ஆயில் பாத்தப்ப."

அப்படியானால் கிளம்பும்போதே பை இருந்திருக்கிறது. வழி நெடுக இருந்திருக்கிறது. படிக்கட்டில் யார் தொங்கிக்கொண்டிருந்தாலும், யார் தடுக்கி விழுந்திருந்தாலும் அவன் எடுத்துக்கொண்டு போயிருப்பான். பையைக்கூட அவன் பார்க்கவில்லையே. அவனுக்கு அப்போதுதான் நிஜமான பயம் வந்தது. இதுவரை இருந்தது தேர்வைப் பற்றிய பயம், இது வேறு.

மற்றவர்கள் இறங்கிப் போகும்வரை ஸ்டியரிங்கைப் பிடித்தபடியே உட்கார்ந்திருந்தான்.

"அப்ப இவ்வளவு நேரம் நான் எதத்தான் பாத்தேன் டீச்சர்?"

ஜுலைகா சணலை அவிழ்த்துப் பையை உதறினார். தன் சாப்பாட்டு டப்பாவை அதில் போட்டுக்கொண்டார்.

"நீங்கதாண்ணே சொல்லணும்."

ஒச்சப்பன் கேமரா மாட்டும் இடத்தைப் பார்த்தான். இன்றைக்கு அங்கே கேமராகூட இல்லை, மாட்டுகிற கொக்கி மட்டும் இருந்தது. அவனுக்கு அழுகை வரும்போலிருந்தது.

"நாளைக்கழிச்சுத் தேர்வு. நான் என்ன செய்யிறது?"

"விசில் கேட்டதும், கண்ணாடில என்ன தெரியுதுன்னு எனக்குச் சொல்லுங்க. சொல்லிட்டு எடுங்க."

"தேர்வுல நீங்க பேசக்கூடாதே. கடைசி சீட்லதான உக்காரச் சொல்லுவாங்க?"

"நான் பேசப்போறதில்லையே. நீங்க மனசுக்குள்ள சொல்லுங்க."

தேர்வன்று வண்டி நிறைய நிஜப் பயணிகள். சந்தைக்குப் போய்த் திரும்புகிற கூட்டம். பாதி வழி ஒச்சப்பன் ஓட்டவேண்டும், மீதி வழி இன்னொரு டிரைவர். மதிப்பீட்டாளர் அவனுக்குப் பின்னால் உட்கார்ந்து டேப்லெட்டைத் துடைத்துக்கொண்டார். ஜுலைகா கடைசி சீட்டில். கேமராவில் சிவப்புப் பொட்டு மினுக்கியது.

முதல் ஸ்டாப். விசில். 'படிக்கட்டு காலி டீச்சர். ஒரு நாய் படுத்திருக்கு, தள்ளித்தான்.' எடுத்தான்.

அடுத்தது. 'ஒரு அம்மா கூடைய எறக்குது. எறக்கிருச்சு. தலைக்கு ஏத்திருச்சு. தள்ளிப் போயிருச்சு.' எடுத்தான்.

அதற்கடுத்ததில் சொல்ல மறந்துபோய் எடுக்கப் பார்த்து, திடுக்கிட்டுப் பிரேக்கை மிதித்தான். வண்டி குலுங்கியது. பின்னால் டேப்லெட்டில் விரல் தட்டும் சத்தம் கேட்டது. தொலைந்தோம் என்று நினைத்துக்கொண்டான். தேர்வு முடிந்த மாதிரியே இருந்தது.

கரட்டுப்பட்டிக்கு ரோடு பிரியும் விலக்கில் நாலைந்து பேர் இறங்கினார்கள். உள்ளே நின்று டிக்கெட் கிழித்துக்கொண்டிருந்த கண்டக்டர் படிக்கட்டை எட்டிப் பார்த்தார். காலியாக இருந்தது. விசில் கொடுத்தார்.

ஒச்சப்பனின் கால் நகர்ந்தது. கண் கண்ணாடிக்குப் போனது.

'ஒரு பெரியவர். குனிஞ்சு நிக்கிறாரு டீச்சர். ஒத்தக் கால்ல செருப்பில்ல. செருப்பு வண்டிக்கடியில போயிருச்சு போல. கைய உள்ள விடுறாரு. பின் டயருக்கு முன்னால விடுறாரு.'

கால் பிரேக்கில் உறைந்தது.

மறுபடியும் விசில், இந்தத் தடவை நீளமாக. "போகலாம்ணே!" என்றார் கண்டக்டர்.

"விசில் குடுத்தாச்சு. வண்டிய எடுங்க," என்றார் மதிப்பீட்டாளர், டேப்லெட்டிலிருந்து தலையைத் தூக்காமல்.

சொல்ல வாயைத் திறந்தான். சத்தம் வரவில்லை. கியரை நியூட்ரலுக்குத் தள்ளி ஹேண்ட் பிரேக்கை இழுத்தான். பின்னால் ஒரு டிராக்டர் ஹாரன் அடித்தது. "என்னப்பா, வண்டி படுத்துருச்சா?" என்றது ஒரு குரல். ஒச்சப்பன் கண்ணாடியை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. கழுத்து ஒரு பக்கமும் திரும்பவில்லை. கேமரா என்று ஒன்று இருப்பதே அவன் நினைவில் இல்லை.

கை வெளியே வந்தது, செருப்போடு. பெரியவர் அதைத் தரையில் தட்டி மண்ணை உதிர்த்தார். காலில் மாட்டிக்கொண்டு, துண்டை உதறித் தோளில் போட்டார். வண்டியை ஒரு தடவைகூட நிமிர்ந்து பார்க்காமல் வாய்க்கால் கரையில் இறங்கி நடந்தார்.

'போயிட்டாரு டீச்சர்.' கையை ஹேண்ட் பிரேக்குக்குக் கொண்டுபோனான்.

"போதும். எறங்குங்க," என்றார் மதிப்பீட்டாளர். "அடுத்த ஆள் வரட்டும்."

ஆள் மாறவேண்டிய ஊர் இன்னும் வரவில்லை. ஒச்சப்பனுக்கு ஏன் சார் என்று கேட்கவேண்டும் போலிருந்தது. அவரோ டேப்லெட்டில் எதையோ தட்டினார், தட்டினார், தட்டிக்கொண்டே இருந்தார். அந்த முகத்தில் ஒன்றையும் படிக்க முடியவில்லை.

இறங்கி வண்டி நிழலில் நின்றான். ஜுலைகாவும் இறங்கி வந்தார்.

"போச்சு டீச்சர். எல்லாம் போச்சு. விசில் அடிச்சும் எடுக்கல, சார் சொல்லியும் எடுக்கல. கழுத்தத் திருப்பவே இல்ல, கேமரால நான் சிலை மாதிரி உக்காந்திருப்பேன். பாதிலயே எறக்கி விட்டுட்டாரு."

"ஏண்ணே எடுக்கல?"

"அந்தப் பெரியவர் டயருக்கு முன்னால கைய விட்டுக்கிட்டு இருந்தாரு டீச்சர். எப்படி எடுக்கிறது?"

"சார்ட்ட சொன்னீங்களா?"

"வாயே வரல. இப்பப் போய்ச் சொன்னா நம்புவாரா? மாத்திப் போடுவாரா?"

"போய்ச் சொல்லுங்க. போடுறது அவர் இஷ்டம்."

ஒச்சப்பன் படிக்கட்டு வரைக்கும் போனான். உள்ளே இன்னும் விரல் தட்டும் சத்தம் கேட்டது. தைரியம் வராமல் திரும்பி வந்தான். சட்டைப் பையிலிருந்து போனை எடுத்துப் பார்த்தான், உள்ளே வைத்தான், மறுபடியும் எடுத்தான். ஒன்றும் வந்திருக்கவில்லை.

"ரிசல்ட்டு எப்ப டீச்சர் தெரியும்? இன்னைக்கே வந்துருமா? இப்படியே இருந்தா என் நெஞ்சு நின்னுரும் போல இருக்கு."

ஜுலைகா வாய்க்கால் கரையில் போய்க்கொண்டிருந்த பெரியவர் பக்கம் கையைக் காட்டினார்.

"அந்தா, வீட்டுக்கு நடந்து போகுது பாருங்கண்ணே."