ஆமைக் கதை யாருடையது

"ஊருக்குள்ள என்னையத்தான் திருடன்னு சொல்லுதாங்க டீச்சர்."

லூர்தையா வாசற்படியிலேயே நின்று இதைச் சொன்னார்.

அவருக்கு ஐம்பத்தேழு வயது. மணப்பாட்டில் படகு எஞ்சின் பழுது பார்ப்பவர். பரக்கத் நிஷா அவரைவிடப் பதினைந்து வயது இளையவர். சட்டக் கல்லூரி வேலையை விட்டுவிட்டு, காயல்பட்டினத்தில் ஒரு நூலகத்தின் மாடியறையில் உட்கார்ந்து, வருகிறவர்களுக்குச் சட்டம் சொல்லித் தந்தார். எல்லோருக்கும் அவர் நிஷா டீச்சர். கேட்ட கேள்விக்கு நேராகப் பதில் சொல்லமாட்டார் என்று ஒரு பேச்சு உண்டு.

"எதைத் திருடினீங்களாம் அண்ணாச்சி?"

"என் கதையை."

டீச்சர் நாற்காலியை நகர்த்திப் போட்டார்.

லூர்தையா பையிலிருந்து மூன்று புத்தகங்களை எடுத்து மேசையில் வைத்தார்.

முதலாவது அவருடையது. ஒல்லியான புத்தகம். ஆறு வருடத்துக்கு முன்பு தூத்துக்குடியில் சொந்தச் செலவில் இருநூறு பிரதி அடித்தது. பிறந்த கரைக்கு முப்பது வருடம் கழித்து முட்டையிட வரும் ஓர் ஆமையின் கதை.

இரண்டாவது சென்னைப் பதிப்பகம் ஒன்று போன வருடம் வெளியிட்டது. வண்ணப் படங்கள். அதே கதை. வேறு ஒருவர் பெயர்.

"பேத்தி பள்ளிக்கூடத்துல என் புத்தகத்தைக் காட்டியிருக்கா. இதைப் பாத்து உங்க தாத்தா எழுதியிருக்காருன்னு வாத்தியார் சொல்லிட்டாராம். பிள்ளை அழுதுக்கிட்டே வந்துச்சு."

"மூணாவது?"

"நாகப்பட்டினத்துல ஒரு காலேஜ் பொண்ணு எழுதினது. அதுலயும் ஆமை கரைக்குத் திரும்புது. ரெண்டு பேரு மேலயும் கேஸ் போடணும்."

டீச்சர் மாடிப்படியில் குனிந்து குரல் கொடுத்தார். நூலகர் சுப்புத்தாய் வந்தார். வாசலில் டீக்கடை வைத்திருக்கும் செய்யதும் கை துடைத்துக்கொண்டே வந்தார்.

மூன்று பேருக்கும் ஆளுக்கொரு தாள்.

"பிறந்த கரைக்கு முட்டையிட வர்ற ஆமை. ஒரு பக்கம் எழுதுங்க."

"என் கதைய அவங்க எதுக்கு எழுதணும்?" என்றார் லூர்தையா.

"எழுதட்டுமே."

அரை மணி நேரம் எழுதினார்கள்.

செய்யதின் ஆமை வழியில் எதிர்ப்பட்ட மீனையெல்லாம் திட்டிக்கொண்டே வந்தது. சுப்புத்தாயின் ஆமை கரையில் எரிந்த விளக்குகளைப் பார்த்துப் பயந்து, முட்டையிடாமல் திரும்பிப் போனது.

லூர்தையா தன் கதையையே நினைவிலிருந்து எழுதியிருந்தார். 'முப்பது வருசம் அது யாரிடமும் வழி கேட்கவில்லை. மணலின் வாசனையை நாக்குக்கு அடியில் வைத்திருந்தது.'

மூன்று தாள்களும் மேசையில் கிடந்தன.

"இதுல உங்களது எது அண்ணாச்சி?"

"ஆமை..." என்று தொடங்கியவர் நிறுத்தினார்.

டீச்சர் காத்திருந்தார்.

"ஆமை என்னுது இல்ல. கரைக்கு வர்றதும் என்னுது இல்ல. அது ஆமையோட குணம்."

"அப்போ?"

அவர் விரல் அந்த வரியின் மேல் போய் நின்றது.

"இப்படிச் சொன்னேன் பாருங்க. இது என்னுது."

"சட்டமும் அந்த இடத்துலதான் விரல் வைக்குது" என்றார் டீச்சர்.

லூர்தையா நாகப்பட்டினத்துப் பெண்ணின் புத்தகத்தை எடுத்தார். இதுவரை அதை முழுதாகப் படித்ததில்லை. இப்போது படித்தார். கடைசிப் பக்கத்தில் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"நல்லா எழுதியிருக்கா. எனக்குத் தோணாத வழியில கொண்டுபோயிருக்கா."

அந்தப் புத்தகத்தைத் திரும்பப் பைக்குள் வைத்துக்கொண்டார்.

"சரி, சென்னைக்காரரைப் பார்ப்போம்" என்றார் டீச்சர்.

வரி வரியாக ஒப்பிட்டார்கள். நாக்குக்கு அடியில் மணல் வாசனை அப்படியே இருந்தது. டீச்சர் ஓரிடத்தில் நின்றார்.

"உங்க புத்தகத்துல நாலாம் பக்கத்துல நூற்றுப் பதினோரு முட்டை. ஒன்பதாம் பக்கத்துல நூற்றுப் பன்னிரண்டு."

லூர்தையாவுக்கு முகம் சுருங்கியது. "பிரஸ்ல நடந்த பிழை. எத்தனையோ நாள் வெட்கப்பட்டிருக்கேன்."

டீச்சர் வண்ணப் புத்தகத்தைத் திருப்பினார். முன்னால் நூற்றுப் பதினொன்று. பின்னால் நூற்றுப் பன்னிரண்டு.

லூர்தையா வந்ததிலிருந்து முதல் தடவையாகச் சிரித்தார்.

உடனே சிரிப்பு போனது.

"ஆனா நான் எங்கயும் பதிவு பண்ணலியே டீச்சர்?"

"எப்போ எழுதினீங்க?"

"புயல் வந்து ஒரு வாரம் படகு போகல. அப்போ, ஒரு நோட்டுல."

"அந்த நோட்டுல எழுதின நிமிஷமே அது உங்களுது. பதிவு பண்ணியிருந்தா சாட்சிக்கு உதவும். அவ்வளவுதான்."

"இந்த உரிமைய யாரு முதல்ல கொடுத்தது?"

"அச்சு வந்த புதுசுல உரிமை அச்சடிக்கிறவர் கையில இருந்துச்சு. எழுதினவர் தாளைக் கொடுத்துட்டு வீட்டுக்குப் போகணும். முந்நூறு வருஷத்துக்கு முந்தி இங்கிலாந்துல ஒரு சட்டம் வந்துச்சு. எழுதினவருக்குத்தான் முதல் உரிமைன்னு. பதினாலு வருஷம். அது முடியும்போது உயிரோட இருந்தா இன்னொரு பதினாலு."

"இப்போ?"

"நம்ம நாட்டுல உங்க ஆயுசு முழுக்க. அதுக்கு மேல அறுபது வருஷம்."

"அதுக்கப்புறம்?"

"எல்லாருக்கும்."

லூர்தையா தன் ஒல்லியான புத்தகத்தைக் கையில் எடுத்தார்.

"எல்லாருக்கும்னா, யாரு வேணும்னாலும் அடிக்கலாமா?"

"அடிக்கலாம். பாடலாம். நாடகம் போடலாம்."

"அப்ப அத்தனை வருஷம் கழிச்சும் யாராவது படிப்பாங்கன்னு சொல்லுதீங்க."

டீச்சர் அவரை நிமிர்ந்து பார்த்தார். அந்தச் சட்டத்தை அதுவரை யாரும் அவரிடம் அப்படிச் சொன்னதில்லை.

அன்றைக்கே பதிப்பகத்துக்கு நோட்டீஸ் எழுதினார்கள். லூர்தையா சொல்லச் சொல்ல டீச்சர் எழுதவில்லை. டீச்சர் சொல்லச் சொல்ல லூர்தையா எழுதினார்.

முதல் மாதம் பதில் இல்லை. இரண்டாவது நோட்டீஸுக்குப் பதில் வந்தது. கதை கொடுத்தவர் சொந்தக் கதை என்று சொன்னதை நம்பிவிட்டதாகவும், விற்காத பிரதிகளைத் திரும்ப எடுத்துக்கொள்வதாகவும், லூர்தையா சம்மதித்தால் அவர் பெயரிலேயே மறுபடி அச்சிடுவதாகவும் எழுதியிருந்தார்கள். லூர்தையா சம்மதித்தார். ஒரே ஒரு நிபந்தனை போட்டார். முட்டைக் கணக்கைத் திருத்த வேண்டும்.

புதுப் புத்தகம் வந்ததும் பேத்தியின் வாத்தியார் காலைக் கூட்டத்தில் அதைத் தூக்கிக் காட்டி, தான் சொன்னது தப்பு என்று எல்லாப் பிள்ளைகளுக்கும் முன்னால் சொன்னார்.

அதற்கடுத்த மாதம் லூர்தையா மறுபடி மாடியேறி வந்தார். கையில் ஒரு கடிதம்.

பார்வையில்லாத பிள்ளைகள் படிக்கும் ஒரு பள்ளியிலிருந்து வந்திருந்தது. ஆமைக் கதையைப் பிரெய்லில் அடித்துக்கொள்ள அனுமதி வேண்டும் என்று கேட்டிருந்தார்கள்.

"என்ன எழுதணும் டீச்சர்?"

"என்ன எழுதணும்னு தோணுது?"

"தாராளமா அடிச்சுக்குங்கன்னு."

"சட்டப்படி அவங்க உங்ககிட்ட கேட்கவே வேண்டாம் அண்ணாச்சி. அந்தப் பிள்ளைகள் படிக்கிறதுக்காக யாரையும் கேட்காமலே அடிச்சுக்கலாம்."

லூர்தையா கடிதத்தை இன்னொரு தடவை படித்தார்.

"கேட்க வேண்டாம்னா, அப்புறம் எதுக்கு எனக்கு எழுதியிருக்காங்க?"

நிஷா டீச்சர் புதுப் புத்தகத்தை, அட்டையில் அவர் பெயர் தெரியும்படி அவர் பக்கம் திருப்பி வைத்தார்.

"யாருக்கு எழுதணும்னு இப்போ தெரிஞ்சிருக்கே."