குதிரை சொன்ன தீர்ப்பு

தேரிக்காட்டுச் செம்மணலில் இலந்தைப் புதர்தான் ஆட்டுக்கும் தீனி, ஜமீன் குதிரைக்கும் தீனி. ஒருநாள் ஜமீன்தார், ஆட்டுக்காரி பூவுடையாளை வழிமறித்தார்.

“உன் ஆடு வாய் வச்ச புதரெல்லாம் மொட்டையா நிக்குது. நாப்பது நாளில தின்ன தழையைத் திருப்பிக் குடு. இல்லேன்னா ஆடெல்லாம் எனக்கு!”

பூவுடையாள் நிதானமாகக் கும்பிட்டாள்.

“தந்துடுறேன் எசமான். அந்தா, ஆடு தொடாத புதருக்கெல்லாம் நீங்க முள்வேலி போடுங்க. மொட்டைப் புதர் பக்கம் நானும் அதுவரைக்கும் ஆட்டை விடமாட்டேன். நாப்பதாம் நாள் உங்க குதிரையே வந்து பார்க்கட்டும்.”

நடுவில் ஒரு மழை பெய்தது. நாற்பதாம் நாள் ஜமீன்தார் குதிரையேறி வந்து வேலியைத் திறக்கச் சொன்னார். உள்ளே முற்றிய இலையும் முள்ளும்தான். குதிரை மோந்து பார்த்துத் தும்மியது. பிறகு எசமானையும் சுமந்துகொண்டு மொட்டைப் புதர்களுக்கே ஓடியது. அங்கே கிளைக்குக் கிளை இளந்தளிர்! கடிவாளத்தை எவ்வளவு இழுத்தும் அது தலையைத் தூக்கவில்லை.

“தழை வந்து சேந்துட்டுதா எசமான்?” என்றாள் பூவுடையாள்.

ஜமீன்தார் தொண்டையைச் செருமினார். “சரி, சரி. நாளைக்கு வேலிக்குள்ளயும் ஆட்டை விடு.”

“ஆகட்டும் எசமான். நாப்பது நாள் கழிச்சு அந்தத் தழையையும் திருப்பித் தந்துடுறேன்.”